சிலுவைப்பாதையில் நின்று நின்று

மார்ச் 16, ஞாயிறு.

அம்மாவின் மூட்டுவலிக்காக மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். காலையில் இவரும் நானும் கோச்சடையிலிருந்து பைக்கில் மலைக்கோயிலுக்குப் போனோம். அடிவாரக் கடையில், காணிக்கை வைக்கக் கால் பொறித்த தகடு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

மேலே போகும் படிக்கட்டு ஓரமாகச் சிலுவைப்பாதைச் சிலைகள், பதினான்கு இடத்தில். குலசாமியைக்கூட நின்று கும்பிடாத மனுஷர், ஒவ்வொன்றின் அடியிலும் நின்று எழுத்தை வாசித்தார்.

"வெயில் ஏறுது, வாங்க" என்றேன்.

"நீ போ. படிச்சிட்டு வாரேன்."

எரிச்சலில் முன்னால் ஏறிப் போய்விட்டேன்.

பீடத்துக்கு முன்னால் இருந்த தட்டில் என் தகட்டை வைத்தேன். மெதுவாகப் பின்னால் வந்து சேர்ந்த இவரும் சட்டைப் பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து வைத்தார். அதில் நெஞ்சு பொறித்திருந்தது.

"இது யாருக்குங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தருக்கு."

அவருக்கு இன்னும் மூச்சிரைப்பும் வேர்வையும் அடங்கவில்லை. மறுபடி கேட்டால் அவர் மறுபடி பொய் சொல்ல வேண்டியிருக்கும். கேட்கவில்லை.

இறங்கும்போது ஒவ்வொரு சிலையிடமும் நான்தான் முதலில் நின்றேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி மெதுவாக, சத்தமாக வாசித்தேன். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பதினான்கையும் வாசித்து முடித்தேன். ஒரு தடவைகூட "வா, போகலாம்" என்று அவர் சொல்லவில்லை.