கதவு வழியாகச் சொன்ன பிரஷர் கணக்கு

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இரண்டு நாட்டுக்காரர்கள் போல நலமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும், இது அவனைப் பற்றிய சமாச்சாரம்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு இந்தத் தொற்றுக் காலத்திலும் லீவு கிடையாது. ஊரே அடைந்து கிடந்தாலும் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றால் இவன் ஓட வேண்டும். அங்கிருந்து எதையாவது கொண்டுவந்து எங்களுக்குக் கொடுத்துவிடுவோமோ என்று முன்னறையில் தனியாக இருக்கிறான், நடுக்கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். மாத்திரை போட்டாச்சா, தண்ணி குடிச்சாச்சா, அப்பா நடந்தாரா என்று அந்தப் பக்கமிருந்தே அதிகாரம் தூள் பறக்கிறது. காய்கறியை எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவுகிறான், உன் அப்பாவை இன்னும் கழுவவில்லை, அவ்வளவுதான். மாஸ்க் சரியாக உட்காரவில்லை என்று மீசையைக்கூட எடுத்துவிட்டான். உன் அப்பாவுக்கோ வெளியே நடப்பது நின்றுபோனதில் கால் வீங்கிவிட்டது, நாற்காலியை விட்டு எழுந்திருக்க என் தோளைப் பிடிக்கிறார். டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போட மட்டும் தெம்பு குறையவில்லை.

தினமும் காலையில் அப்பா கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்து நான் கதவு வழியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் கூடுதலாகக் காட்டியது, சொன்னேன். அன்று முழுக்க வேலை இடத்திலிருந்து மணிக்கொரு தரம் போன், ராத்திரி அவன் தூங்கவே இல்லை, முன்னறையில் நடந்துகொண்டே இருந்தான். மறுநாளும் கூடுதல்தான், நான் வாய் கூசாமல் நூற்றிருபதுக்கு எண்பது என்றேன். உன் அப்பாவும் கண்ணைச் சிமிட்டினார், இந்த மாதிரிக் காரியத்தில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை. அதிலிருந்து தினமும் அதே நூற்றிருபதுக்கு எண்பது. பொய் சொல்கிறவள் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்ல வேண்டாமா, அந்தச் சாமர்த்தியம் எனக்கு ஏது. கடைசியில் அவன், மெஷின்தான் ரிப்பேர் போலம்மா, வேற வாங்கிட்டு வரேன் என்றான். மெஷினைச் சந்தேகப்பட்டானே தவிர என்னைச் சந்தேகப்படவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

புது மெஷின் வருவதற்குள் அப்பா குளியலறையில் தலை சுற்றி விழுந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் நடுக்கதவு படாரென்று திறந்தது, மாஸ்க்கை மாட்டியபடியே ஓடிவந்து அவரை அள்ளித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினான். அடி எதுவும் இல்லை, டாக்டர் போனிலேயே கேட்டு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், இப்போது நிஜமாகவே குறைந்திருக்கிறது, நீ கவலைப்படாதே. நடந்ததை எல்லாம் நானே சொன்னேன், அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய், ஐயோ பக்கத்துல போயிட்டேனே, தொட்டுட்டேனே என்று தனியாக அழுதான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு ஆறவே இல்லை.

வாரக்கணக்கில் பார்த்தாயிற்று, எங்கள் யாருக்கும் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவன் பாதியாக இளைத்துவிட்டான், கதவருகே வைக்கிற சாப்பாடு அப்படியே திரும்பி வரும். அதனால் இப்போது புதுச் சட்டம் போட்டிருக்கிறேன், தட்டு காலியாக வந்தால்தான் பிரஷர் சொல்வேன். முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுகிறான். இருந்தாலும் தட்டைக் காலி செய்ய வைக்கலாம், மனதில் இருப்பதைப் பேச வைக்க என்னால் முடியவில்லை. சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர், நீ உட்பட எல்லாரும் அவனிடம் போன் செய்து அம்மா எப்படி, அப்பா எப்படி என்றுதான் கேட்கிறீர்கள். நீ எப்படிடா இருக்கே என்று ஒருத்தர் கேட்டு நான் பார்க்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, எனக்கே இப்போதுதான் உறைத்தது.

நீயும் உன் வீட்டுக்காரரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அண்ணனைக் கூப்பிடும்போது எங்களைப் பற்றி ஒன்றும் கேட்காதே. தூங்கினாயா என்று அவனைக் கேள். முதலில் ஒன்றும் சொல்ல மாட்டான், அதற்காகப் போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா