கேசட்டில் பேர் சொல்லாத அண்ணனுக்கு

எனக்கு மூத்தவனாகப் பிறந்து, என்னை முதுகில் தூக்கிச் சுமந்த அண்ணனுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. கட்சால் தீவில் ரப்பர் மரம் சீவிச் சீவி வளைந்துபோன விரல், கத்தியைப் பிடித்த மாதிரியே பேனாவையும் பிடிக்கிறது. காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. 'ழ' எழுதும்போது எனக்கு நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று என் மகள் செல்வி சிரிக்கிறாள்.

ஆமாம் அண்ணே, நான்தான் எழுதுகிறேன். எழுபத்து மூன்று வயதில். இங்கே கராச்சர்மாவில் எங்கள் தெருக்கோடியில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. போன வருஷம் சேர்ந்தேன். முழுசாக எழுதி முடிக்கிற முதல் கடிதத்தை வகுப்புச் சுவரில் ஒட்டுவோம் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். வருகிறவர் போகிறவர் எல்லாம் படிக்கட்டும். நீ படிப்பாயா என்பதுதான் தெரியவில்லை.

உனக்கும் எழுதத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தானே நம் இரண்டு வீடும் கேசட்டில் பேசிக்கொண்டன? நீ அங்கே மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், நான் கடலுக்கு இந்தப் பக்கம் தீவில். யாராவது ஒருவர் கையில் மெட்ராஸ் வரைக்கும் வரும், அப்புறம் கப்பல். ஒரு கேசட் வந்து சேர இரண்டு மாதம்கூட ஆகும்.

எல்லாக் கேசட்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும். தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அதேபோல வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக மெஷினுக்கு முன்னால் வந்து பேரைச் சொல்ல வேண்டும். பெரட்டில் குரல் கொடுக்காதவன் வரவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு அவனுக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது. கேசட்டுக்கும் நாம் அதே சட்டத்தை வைத்துக்கொண்டோம்.

அம்மா இறந்த பிறகு உங்கள் வீட்டிலிருந்து வந்த கேசட்டில் மதினி பேர் சொன்னார். பிள்ளைகள் மூன்று பேரும் சொன்னார்கள். நீ சொல்லவில்லை.

நான் என்ன நினைப்பேன்? இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பிரித்தபோது உன் பேர் அங்கே தங்குகிறவர்கள் பட்டியலில் இருந்தது. எங்கள் பேர் இந்தியாவுக்குப் போகிற பட்டியலில். "அம்மாவ எங்கிட்ட விட்டுட்டுப் போடா" என்று ரயிலடியில் என் கையைப் பிடித்துக் கேட்டாய். அம்மா பேர் என் தாளில் இருக்கிறது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு நீ அம்மாவைப் பார்க்கவே இல்லை. அவள் போன சேதியும் உனக்கு மாதங்கள் கழித்துத்தான் கிடைத்தது. ஆகவே கோபத்தில் நீ வீட்டை விட்டு எழுந்து போய்விட்டாய், தம்பியின் கேசட்டுக்கு உட்கார உனக்கு மனசில்லை என்று முடிவு கட்டினேன்.

அந்தக் கேசட்டில் மதினி ஒன்று கேட்டார். "தம்பி, அம்மா கடைசியில யாரத் தேடுனாங்க, என்ன சொன்னாங்க? அத மட்டுமாவது பேசி அனுப்புங்க." கேட்க வேண்டியவன் கேட்கவில்லை, நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். பதில் கேசட் அனுப்பவே இல்லை. செல்போன் வந்த பிறகும் மதினிதான் பேசுவார். "அண்ணன் பக்கத்துல இல்ல தம்பி" என்பார். நாலு வருஷத்துக்கு முன்னால் நீ போய்விட்டதை உன் மகள் சொன்னாள். அடுத்த மழைக்குள் மதினியும் வந்துவிட்டார் உன்னிடம். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி ஆளில்லை. நெஞ்சில் ஒரு கல்லோடுதான் நானும் வருவேன் என்று நினைத்தேன்.

இனிமேல்தான் சந்தோஷமான சேதி. நிதானமாகக் கேள், நானும் நிதானமாகத்தான் எழுத முடியும்.

சுனாமியில் கட்சால் வீடு சாமானோடு போய்விட்டது. அந்த ஒரு கேசட் மட்டும் தப்பியது. என் கண்ணில் படக்கூடாது என்று, முன்பே இங்கே வந்துவிட்ட செல்வியிடம் கொடுத்திருந்தேன். அவள் அதை இங்கே டவுனில் ஒரு கடையில் கொடுத்துப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மதினி குரல் பளிச்சென்று இருந்தது, ஆனால் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி. இரைச்சலைத் துடைத்துக் கொடுத்தார்களாம்.

பக்கத்து வீட்டில் தாஸ் பாபு என்று ஒரு வங்காளி. கப்பலில் வயர்லெஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். பாட்டுக் கேட்பதற்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார். தீப்பெட்டி அளவு மெஷின்கள், விரல் மொத்தத்தில் வயர்கள், மூன்று ஹெட்போன். "இன்னும் ஒரு ஹெட்போன் வந்தால் நான் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறிடுவேன்" என்று அவர் சம்சாரம் மிரட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பேசுவது ஹிந்தி. உனக்குப் புரியாது என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

பென் டிரைவில் இருந்ததைக் கேட்டதும் மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்னால மழை பெஞ்சிருக்கு, அதைத் துடைச்சு எடுத்துட்டான்! மழையை எடுத்துட்டா அந்த வீடு எங்க இருக்கு? கேசட்டைக் கொண்டா."

ஒரு ஞாயிறு மதியம் முழுக்க அதோடு உட்கார்ந்தார். கேசட் மெஷினுக்குள் ஹெட் என்று ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கிறது. உங்கள் வீட்டு மெஷினில் அது இம்மி சாய்ந்திருந்ததாம். அதே சாய்வு இங்கேயும் இருந்தால்தான் மெல்லிய சத்தம் வெளியே வரும் என்று, ஒரு திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஒரு நொடியைத் தொண்ணூற்றாறாயிரம் துண்டாக நறுக்கி எடுத்து வைக்குமாம். "அப்ப புதுசா ஏதாவது கேக்குமா?" என்றேன். "கேசட்ல இல்லாதது ஒரு துளி வராது பாய். இருக்கிறது ஒரு துளி போகாது" என்றார்.

காதை முழுசாக மூடுகிற ஹெட்போனை என் தலையில் மாட்டினார். பஞ்சு மாதிரி இருந்தது. தெருவில் போன பஸ் சத்தம் நின்றுவிட்டது. "ஆங்க் பந்த் கரோ" என்றார். கண்ணை மூடினேன்.

அண்ணே, மழை! நம் லயத்து வீட்டுத் தகரக் கூரையில் விழுகிற அதே மழை. மதினி கொஞ்சம் தள்ளி, வலது பக்கம் திரும்பிப் பேசுகிறார். ஒரு பிள்ளை தும்முகிறது. எல்லாம் வேறு வேறு இடத்தில், வேறு வேறு தூரத்தில். நான் சந்தோஷத்தில் கத்தியிருக்கிறேன். செல்வி வந்து ஹெட்போனைத் தூக்கி, "அப்பா, நாங்க பக்கத்துலதான் இருக்கோம், கட்சாலுக்குக் கேக்குற மாதிரி ஏன் கத்துறீங்க?" என்றாள்.

மறுபடியும் மாட்டிக்கொண்டேன். மதினி அம்மாவைப் பற்றிக் கேட்டுவிட்டு நிறுத்தினார். பேச்சு நின்றதும் அந்தக் காலத்து ரெக்கார்டர் தானாகக் காதைக் கூர்மையாக்கிக்கொள்ளும் என்று பாபு சொல்லியிருந்தார். அந்த இடைவெளியில், மழையை விடக் கிட்டத்தில், ஒரு மூச்சு. மூச்சை இழுக்கும்போது கடைசியில் ஒரு சின்ன விசில்.

அது யார் மூச்சு என்று எனக்கா தெரியாது? பத்து வயதில் நான் அடித்த கிட்டிப்புள் உன் மூக்குத்தண்டை உடைத்தது. அன்றிலிருந்து அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே உன் பக்கத்தில் படுத்துத் தூங்கியவன் நான்.

"மேரா பாய்" என்றேன் பாபுவிடம். என் அண்ணன்.

அவரும் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். "இவர் ரொம்பக் கிட்ட இருக்கார். பேசுற அம்மாவை விடக் கிட்ட. மெஷின் இவர் மடியிலதான் இருந்திருக்கு. பட்டனை அமுக்கினதே இவர்தான்."

அண்ணே, நீ எழுந்து போகவில்லை! ஆரம்பத்திலிருந்து நீதான் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பேர் மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லையா? அழுகை வந்துவிடும் என்று பயந்தாயா? போனில் மதினி பேசின நாட்களிலும் இப்படித்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாயா?

இன்னொன்றும் இருக்கிறது. மதினி பேசி முடித்ததும் நான் எப்போதும் நிறுத்திவிடுவேன். பாபு நிறுத்தவில்லை. பேச்சு முடிந்த பிறகும் கேசட் ஓடுகிறது. மழை, உன் மூச்சு. மழை, உன் மூச்சு. அவ்வளவுதான். கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம். பிறகு பட்டன் சத்தம். எனக்காகத்தானே அந்த இரண்டு நிமிஷத்தையும் ஓட விட்டாய்? நானும் ஒன்றும் பேசாமல் உன்னோடு உட்கார்ந்திருந்தேன். ஹெட்போனைக் கழற்றியபோது என் தோள் இரண்டும் லேசாக இருந்தன. அன்று செல்வி வைத்த மீன் குழம்பில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மதினி கேட்ட கேள்வி உன் கேள்வி என்று இப்போது தெரிகிறது. அதற்குப் பதில் சொல்கிறேன். கடைசி நாளில் அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. நம் பேரைப் பெரட்டுக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். முதலில் உன்னைத்தான். "ஆறுமுகம்." யாரும் பேசவில்லை. மறுபடியும், "ஆறுமுகம்." நான் தொண்டையைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, உன் குரலில், "இந்தா இருக்கேம்மா" என்றேன். தலையாட்டினாள். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாள்.

அந்த இடத்தையும் உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன் என்று நினைப்பாயோ என்ற பயமும் எனக்கு இருந்தது. இனிப் பயமில்லை. அன்றைக்கு உனக்குப் பேர் விழுந்துவிட்டது அண்ணே. பெரியவன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு அம்மா போகவில்லை.

விரல் வலிக்கிறது, காகிதமும் முடிகிறது. வருகிற ஞாயிறு மறுபடி உட்காருவேன். அம்மா கட்சாலில் எப்படி இருந்தாள், என்ன சமைத்தாள், உன்னைப் பற்றி என்னென்ன பேசினாள், ஒன்றையும் விடாமல் எழுதுவேன். அதற்குள் இந்த 'ழ' கொஞ்சம் நிமிர்ந்துவிடும்.

இப்படிக்குப் பேர் சொல்லிக் கையெழுத்துப் போடுகிற,
உன் மூக்கை உடைத்த தம்பி
வேலாயுதம்