மூடி வைச்ச துண்டு

1993 ஆவணி, சனி இரவு

பேக்கரியிலை பாண் இல்லை. தங்கச்சி ஜெசிக்கு மீன் சான்ட்விச் எண்டால் உயிர். கொழும்புக்கு வெளிக்கிடுறவள் ஆசையாய்க் கேட்டிட்டாள். அதாலை நிவாரண மாவைப் புளிக்கக் கள்ளு விட்டுக் குழைச்சு, சூடை மீனும் அவிச்ச முட்டையும் மிளகும் உள்ளுக்கு வைச்சு, பெரிய வளையமாய்ச் சுருட்டினன். சட்டிக்குள்ளை மணல் பரப்பி, மூடியிலை தணல் போட்டு வேகவைச்சன். அடி கொஞ்சம் கருகிப்போச்சு.

மத்தியானம் அம்மாவும் அவளும் நானும் பிச்சுப் பிச்சுச் சாப்பிட்டம். ஆர் பயணம் போனாலும் அவைக்கு ஒரு துண்டு மூடி வைக்கிறது எங்கடை வீட்டுப் பழக்கம். திரும்பி வருவினம் எண்ட நம்பிக்கைக்கு. நான் மூடி வைக்கக் கோப்பையை எடுக்க, ஜெசி கையைப் பிடிச்சாள்.

"எனக்கு மூடி வைக்காதேங்கோ அக்கா."

"பழுதாப்போயிடும் எண்டு சொல்லுறாள்," எண்டு அம்மா சிரிச்சா. ஜெசி சிரிக்கேல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

கண் வைத்தியத்துக்கெண்டு ஒரு மாதத்துக்குத்தான் அவளுக்கு இயக்கம் ஊரை விட்டுப் போகப் பாஸ் தந்தது. திரும்பி வருவாள் எண்டு பிணை நிண்டது நான். அவள் வராட்டில் எனக்கு ஒருக்காலும் பாஸ் இல்லை. திரும்பி வரமாட்டியோ எண்டு அம்மாவுக்கு முன்னாலை என்னெண்டு கேக்கிறது? பின்னேரம் கடலேரி கடக்கக் கிளாலிக்கு வள்ளம் ஏறப் போயிட்டாள்.

அவள் சொன்னதைக் கேளாமல் ஒரு துண்டு மூடி வைச்சனான். இப்ப திறந்து பார்த்தன். எறும்பு மொய்ச்சுக் கிடக்கு. எறும்பைத் தட்டிப்போட்டுத் திரும்ப மூடிட்டன்.