அண்டாவுக்கு ஒரு பெயர்

அத்தை,

படத்தில் உன் கை இல்லை. நான் முதலில் கவனித்தது அதைத்தான். உன் நினைவு ஆராதனைக்கான நோட்டீஸை அடிக்கச் சொல்லிப் பெரியப்பா நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிய படம் அது. கோவில்பதாகை வீட்டுக் குழாயடியில் நான் எடுத்தது. "போட்டாவா? இருடி, மூஞ்சி கழுவிக்கினு வரேன்" என்று நுரை வழியும் கையை நீட்டித் தடுத்தாயே, அந்தப் படம். யாரோ கையையும் நுரையையும் அழித்துவிட்டு, பின்னால் நீல வானத்தை வைத்திருந்தார்கள்.

படத்தோடு, பெரியப்பா கைப்பட எழுதிய உன் வாழ்க்கைக் குறிப்பும் வந்திருந்தது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பணியாற்றியவர். அதிகாலைதோறும் முழங்காலில் நின்று ஜெபித்தவர். அதிர்ந்து பேசாதவர்.

கடை என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். அதிர்ந்து பேசாதவரா? நீ தெருமுனையில் கீரைக்காரரிடம் பேரம் பேசினால் எங்களுக்கு வீட்டுக்குள் விலை தெரிந்துவிடும். முழங்காலில் நின்றவரா? "முட்டி போட எனுக்கு எங்கடி நேரம்?" என்று கேட்டவள் நீ.

நீ ஜெபித்தது எப்படி என்று பெரியப்பாவுக்குத் தெரியாதா என்ன? மாமா இறந்தபோது உனக்கு இருபத்தாறு வயது. அவர் பார்த்த வேலைக்குப் பதிலாக உனக்கு அதே தொழிற்சாலையின் கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் தாத்தாவும் ஆயாவும் அடுத்தடுத்துப் போக, பெரியப்பாவும் என் அப்பாவும் அரை டிராயரோடு உன் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். ஊருக்கே வந்துவிடு என்று சொந்தக்காரர்கள் கூப்பிட்டார்கள். நீ போகவில்லை. காலையில் சமையல், பிறகு ஷிப்ட், சாயந்திரம் துணி. ஜெபிக்க நேரமில்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாய். அண்டாவுக்கு ஒரு பெயர். சாம்பார் அண்டாவைத் தேய்த்து முடிக்கும்வரை ஒரு தம்பிக்கு ஜெபம், சோற்று அண்டாவுக்கு இன்னொரு தம்பி. அடிப்பிடித்த பாத்திரம், அந்த வாரம் உன்னை அதிகம் அழவைத்த ஆளுக்கு.

ரிட்டையர் ஆன பிறகும் வீட்டில் அதே வழக்கம்தான். உன் பக்கத்தில் உட்கார்ந்து கழுவிய பாத்திரத்தைத் துடைத்து வைப்பேன். கண்ணைத் திறந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் பேசுவாய். "இன்னா சாமி, போன வாரமே சொன்னேனே, காதுல உழலியா?" பால் காய்ச்சித் தீய்ந்த பாத்திரத்தை எடுத்தால் என்னைப் பார்ப்பாய். "இது உன்னுது."

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று படுத்த வாரம் எல்லாத் தீய்ந்த பாத்திரமும் எனக்குத்தான் வந்தது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். சத்தம் வரவில்லை. மூன்று நாள் சிரித்தார்கள், நான்காம் நாள் நான் போகவில்லை. அயனம்பாக்கம் பிளாட்டிலிருந்து பெரியப்பா கிளம்பி வந்து கத்தினார்.

"படிக்கலன்னா எங்கயாவது பாத்திரம்தான் கழுவணும், தெரியுமா?"

நீ குழாயை மூடிவிட்டு எழுந்தாய்.

"கழுவுனா இன்னாடா? இந்தக் கை கழுவுனதுலதான் நீ இஞ்சினியரு. அந்தப் பொண்ணு போவும்போது போவும். நீ காபி குடி."

பெரியப்பா காபி குடித்தார். நான் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்காக நீ என்னை ஒரு நாளும் திட்டவில்லை. ஆனால் தீய்ந்த பாத்திரத்தை என் பெயரிலிருந்து எடுக்கவும் இல்லை.

அதனால்தான் நோட்டீஸில் 'பணியாற்றியவர்' என்று என்னால் அடிக்க முடியவில்லை. அந்தச் சொல்லில் நீயும் இல்லை, உன் ஜெபமும் இல்லை. 'கேன்டீனில் முப்பத்திரண்டு வருடம் பாத்திரம் கழுவினார். கழுவிக்கொண்டே எங்களுக்காக ஜெபித்தார்' என்று மாற்றி அடித்தேன்.

மறுநாள் காலை பெரியப்பா கடைக்கு வந்தார். நின்றபடியே வாசித்தார்.

"யார் இதப் போடச் சொன்னது?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சம்பந்தி வீட்டு ஆளுங்க வர்றாங்கம்மா. எங்க அக்காவ நாலு பேர் முன்னாடி பாத்திரக்காரின்னு சொல்லச் சொல்றியா? அக்காவுக்கு மரியாதை வேணும்னுதானே நான் பாக்குறேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யாகக் கலங்கவில்லை, அத்தை. உன்னைத் தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தவர் அவர். ஆனாலும் சொன்னேன்.

"அத்தை ஜெபம் பண்ணதே அங்கதான் பெரியப்பா."

"என்ன? சத்தமா பேசு."

இரண்டாம் முறை சொல்ல வாய் வரவில்லை. அவர் உன் படம் இருந்த பென் டிரைவை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். கடைக்கார அக்கா என் தோளைத் தட்டி, "உடு, இன்னா பண்றது" என்றார். விட முடியவில்லை. உன்மேல் கோபமில்லை, பெரியப்பாமேல்கூட அவ்வளவு இல்லை. வாய்க்குள்ளேயே நின்றுபோன என் சத்தத்தின்மேல்தான் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை உன் நினைவு ஆராதனைக்குக் கோயில் நிறைந்திருந்தது. உன்னோடு கேன்டீனில் வேலை பார்த்த இரண்டு பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் தடி. பெரியப்பா மைக்கில் வாசித்தார். 'பணியாற்றியவர்' என்ற இடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். அப்படி மடிக்க விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. அது உன் வாழ்க்கை மட்டுமில்லை, அவர்களுடையதும்தான்.

பெரியப்பா உட்கார்ந்ததும் பாஸ்டர் கேட்டார்: "அம்மாவைப் பத்தி வேற யாராவது சாட்சி சொல்றீங்களா?"

யாரும் எழவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

எழுந்தேன். பெரியப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, தாண்டினேன். மைக்கை என் உயரத்துக்கு இறக்கி, கடைசி வரிசையைப் பார்த்து, "எங்க அத்தை கேன்டீன்ல பாத்திரம் கழுவுனாங்க" என்று ஆரம்பித்தேன்.