ஆட்டுப்பால் கொடுத்த கை

நங்கையா,

இன்று காலை வறுத்த நிலக்கடலையைப் போட்டு வைக்க ஒரு டப்பா தேடினேன். பரணில் பாப்பாவுடைய பழைய பால்பவுடர் டப்பா கிடைத்தது. கழுவிக் கவிழ்த்து மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அந்தக் கசப்பு நாற்றம் இன்னும் லேசாக வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதன்முதலில் அதை முகர்ந்துவிட்டு நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா?

"இதையக் குடிக்கிற புள்ளைக்குக் கோயிலே கட்டலாம் அம்மிணி."

பால் சொசைட்டியில் பதினைந்து வருஷம் பால் அளந்த மூக்கு உங்களுடையது. கேனைத் திறந்ததுமே யார் வீட்டு மாடு, யார் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் என்று இரண்டையும் சொல்லிவிடுவீர்கள். அப்படிப்பட்ட அத்தைக்கு, கட்டுத்தரையில் நான்கு மாடு நிற்கிற வீட்டில், உங்கள் தம்பிக்கும் எனக்கும் மகளாக, பசும்பால் ஆகாத மருமகள் வந்து பிறந்தாள். ஊரில் ஒருவரும் நம்பவில்லை.

நான் கஞ்சிக்கோட்டுக் கம்பெனி வேலைக்குத் திரும்பியபோது பாப்பாவுக்கு ஐந்து மாதம். பகலில் கொடுக்கக் கடையில் சாதாரணப் பால்பவுடர் வாங்கினோம். முதல் வாரத்திலேயே உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி. டாக்டரம்மா எங்கள் வீட்டுச் சரித்திரத்தையே கேட்டார். அப்பனுக்கு மூச்சிளைப்பு, அம்மாவுக்குத் தோலில் கரப்பான். இந்த மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம் என்றார். மாட்டுப்பாலின் புரதம் இவளுக்கு ஆகவில்லை, அதை நன்றாக உடைத்துச் செய்த பவுடரைத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதித் தந்தார். அதுதான் இந்த நாற்ற டப்பா.

அன்றிலிருந்து நீங்கள் பால் கறந்துவிட்டு வந்தால், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டுதான் பாப்பாவைத் தூக்கினீர்கள். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பாப்பா அந்தப் பவுடரைத் துப்பினாள். இளைத்துக்கொண்டே போனாள். பார்க்கப் பொறுக்காமல் நீங்கள் கோபாலபுரத்துப் பக்கம் போய் ஒரு வெள்ளாட்டை ஓட்டி வந்தீர்கள்.

"மாட்டுப்பாலு தானே ஆகாதுன்னாங்க? ஆட்டப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலியே!"

ஆடுமாட்டோடு பிறந்து வளர்ந்த நம் இரண்டு பேருக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாகவே தெரிந்தது. ஆட்டுப்பாலும் மாட்டுப்பாலும் பங்காளிகள், ஒன்று ஆகாத பிள்ளைக்குப் பெரும்பாலும் மற்றதும் ஆகாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஆனாலும் பாலைக் காய்ச்சி ஆறவைத்த பிறகு உங்களுக்கு மனசு கேட்கவில்லை. "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுக் குடுக்கலாம் அம்மிணி" என்று டம்ளரை மூடி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனீர்கள். பாப்பா அழுதாள். எனக்குப் பொறுமை இல்லை. பாலாடையில் ஊற்றிப் புகட்டியது நான்.

சற்று நேரத்தில் உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது, நெஞ்சில் இழுப்பு வந்தது. நான் போட்ட கூச்சலில் ஓடிவந்து, பிள்ளையை அள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினீர்கள். ஊசி போட்டதும் பாப்பா பிழைத்துக்கொண்டாள். "இது யார் கொடுத்தது?" என்று டாக்டரம்மா கேட்டபோது உங்கள் தம்பியும் வேலையிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நாந்தானுங்க. இவளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

அத்தை கொடுத்த ஆட்டுப்பால் என்று ஃபைலில் எழுதினார்கள். வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதேன்.

"நீ பெத்தவ. உம்மேல ஒரு சந்தேகம் உளுந்துச்சுன்னா லேசுல போவாது. நான் அத்தைக்காரிதானே? ரெண்டு நாளைக்குத் திட்டுவான், அப்புறம் உட்ருவான்."

இரண்டு நாளோடு போகவில்லை. பல மாதம் உங்கள் தம்பி பாப்பாவை உங்களிடம் கொடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து, கழுவிய ஈரக் கையோடு வந்து வாசலிலேயே நிற்பீர்கள். நான் வாயில் கொழுக்கட்டையோடு உள்ளே நின்றேன். பிறகு அவர் கோபம் தணிந்தது, "ஆட்டுக்காரி" என்று கேலி செய்யும் அளவுக்கு. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்குத்தான் ஒருநாளும் சிரிப்பு வரவில்லை.

போன ஆவணியில், பாப்பாவின் தம்பி என் வயிற்றில் இருந்தபோது, நெஞ்சுவலி என்று படுத்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. பாப்பா இப்போது டாக்டரம்மா சொன்னபடி படிப்படியாகப் பழகி, தயிர்ச்சோறு தின்கிறாள். அதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

தம்பிப் பாப்பாவுக்கும் ஒவ்வாமை வந்துவிடக் கூடாது என்று அவன் பிறக்கும் முன்பே உங்கள் தம்பி அந்த நாற்றப் பவுடரை வாங்கப் புறப்பட்டார். டாக்டரம்மா தடுத்தார். அது ஒவ்வாமை வந்த பிள்ளைக்கு. வராமல் தடுக்கும் என்று நம்பிக் கொடுக்க வேண்டியதில்லை, தாய்ப்பால் கொடுங்கள், போதவில்லை என்றால் வந்து கேளுங்கள் என்றார். அவனுக்கு ஆறு மாதம் நிறைந்ததும் நேற்று டாக்டரம்மாவிடம் போனோம். நிலக்கடலை, முட்டை எல்லாம் பயந்து தள்ளிப்போட வேண்டாம்; கடலையை மட்டும் முழுசாகக் கொடுக்காமல், மைய அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொஞ்சமாக ஆரம்பியுங்கள் என்றார். பிறகு பாப்பாவின் பழைய ஃபைலைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "ஆட்டுப்பால் அத்தை இவனுக்கும் ஏதாவது கொடுத்துவிடப் போகிறார், பார்த்துக்கொள்ளுங்கள்."

"அவிங்க இல்லீங்க டாக்டர். அவிங்க கேட்டுப்போட்டுக் குடுக்கலாம்னுதான் சொன்னாங்க. குடுத்தது நானுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அத்தை என்பதை அடித்துவிட்டு அம்மா என்று எழுதினார்.

பக்கத்தில் நின்று கேட்ட உங்கள் தம்பி ஃபைலை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினார். "அக்கா கையக் கழுவீட்டு வந்து நிப்பாளே" என்றார். அவ்வளவுதான்.

இன்று காலை கடலை விழுதைக் கஞ்சியில் கரைத்து, ஊட்டப் போனேன். "இரு" என்றார். குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, பையனை மடியில் வாங்கிக்கொண்டார். அவன் சப்புக்கொட்டித் தின்றான். ஒரு தடிப்பும் இல்லை, நங்கையா. அந்த ஃபைலில் இப்போது உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.