மாட்டின் பெயர் பிறழ்ந்தால் ஆலை நிற்க

வெண்கடம்ப மாநகரில் அரியணை அமர்ந்து தேன்கரை நாடு புரக்கும் கொங்கலர் மாதேவியாகிய யாம், கரும்பு செழித்த மேலாற்றுக் கூற்றத்தின் அதிகாரி, எம் அன்புக்குரிய மாறங்காரியார்க்கு விடுக்கும் ஓலை. உம் குடியும் கழனியும் கன்றுகாலியும் நலம் பெருகுக. நீர் அனுப்பிய புதுவெல்லம் வந்தது, தின்று மகிழ்ந்தோம்.

உம் விண்ணப்பமே இனிக்கவில்லை. ஆலை உருளையில் கரும்பு ஊட்டும் சாத்தி என்பாள் கையை இழக்க இருந்தாள், மாடு ஓட்டியவன் நிறுத்தியதால் தப்பினாள், ஆகவே கவனமற்ற அவளை நீக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர். நன்றாயிருக்கிறது ஐயா, உம் நீதி! அறுவடை தொடங்கியது முதல் மாற்றாள் இன்றி அவளையே அங்கு அமர்த்திவைத்தவர் யார்?

அதனால்தான் யாமே ஆலைக்களம் வந்தோம். எம் மருத்துவர் அவள் நாடியும் தோளும் பார்த்துக் குறையில்லை என்றார். அயர்வு உண்டா என வினவியதற்கு அவளும் இல்லை என்றாள். உண்டென்றால் ஊர் சிரிக்குமே, பாவம், வேறென்ன சொல்வாள்? மனத்தின் அயர்வை எதைக்கொண்டு அளப்பதென்று யாம் திகைத்தோம்.

மாடு ஓட்டுபவன் பின்னே நடந்தாலும், கரும்பு ஊட்டுபவரே மாடுகளைப் பெயர் சொல்லி அழைத்து முடுக்குவது உம் கூற்றத்து வழக்கம். காலையில் சாத்தி பெயர் தவறவில்லை. வெயில் ஏறியபின் செவலைக் காளையை மயிலை என்று அழைத்தாள், களமே சிரித்தது. நீர் அப்போது பந்தலில் கண்ணயர்ந்திருந்தீர். எமக்கு ஏதோ உறுத்த, ஆலையை நிறுத்தச் சொன்னோம். அவள் விரல்கள் உருளையின் வாயருகே இருந்தன, அது அவளுக்கே தெரியவில்லை. மற்ற ஆலைகளிலும் அமர்ந்து பார்த்தோம். எங்கும் மாட்டின் பெயர் பிறழ்ந்த பிறகே கை பிறழ்கிறது. தேடிய அளவை கிடைத்தது என்று மனம் நிறைந்தோம்.

நிழலில் அமர்த்தியபின் சாத்தி எம்மிடம் சொன்னது இது: “எந்திரின்னு யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு தாயே. நானா எப்படிக் கேக்குறது?”

ஆகவே ஆணையிடுகிறோம். மாட்டின் பெயர் பிறழ்ந்த கணமே ஆலை நிற்க. ஊட்டுபவர் எழுந்து சாறு அருந்தி உறங்குக, மாற்றாள் அமர்க, கூலி குறையற்க. சிரிப்பவர்க்கு அன்று சாறு இல்லை. சாத்தி தன் பணியிலேயே இருப்பாள்.

கதிரும் புனலும் உள்ளளவும் இவ்வாணை செல்க என்று கடம்பமலர் இலச்சினை பொறித்தோம். அவள் எழுந்தபின் இன்னும் சற்று இரு என்று சொல்ல உமக்கு உரிமையில்லை, மாறங்காரியாரே. இனி எமக்கும் இல்லை.