எங்கள் வீட்டு இரண்டு வோட்டுகள்

நவம்பர், புதன் இரவு

இங்கே டென்மார்க்கில் நகரசபைத் தேர்தல் முடிவு வந்துவிட்டது. வரியைக் கூட்டிப் பள்ளிக்கூடங்களைத் திருத்துவோம் என்ற டெனிஷ் கட்சிதான் வென்றிருக்கிறது. நேற்று நான் அவர்களுக்குத்தான் போட்டேன். வரியைக் கூட்டவிடமாட்டேன் என்று கோயிலில் வந்து வோட்டுக் கேட்ட எங்கள் பாலன் அண்ணைக்குப் போடவில்லை. தமிழர் ஒருவர் நின்றால் இங்கே எங்கள் ஆட்கள் எல்லாரும் அவருக்குத்தான் போடுவார்கள். என் கணவருக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று இன்று வேலையில் கையே ஓடவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அவரே மெதுவாகத் தொடங்கினார்.

“இஞ்சேரப்பா, நான் பாலனுக்குப் போடேல்லை. அந்தப் பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் பயந்து பிள்ளை ஒவ்வொரு நாளும் அடக்கிக்கொண்டெல்லே வீட்டை ஓடி வாறாள்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “நானும் போடேல்லை” என்றேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்போது பாலன் அண்ணையின் போன் வந்தது. நல்லகாலம், அவருக்கும் நகரசபையில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

“தங்கச்சி, உங்கட ரெண்டு வோட்டும் இல்லாட்டி நான் வந்திருக்கமாட்டன்.”

“ஓம் அண்ணை” என்றேன்.

சனிக்கிழமை அவருடைய வெற்றி விருந்து. ஆட்டிறைச்சிக் கறி நான்தான் காய்ச்சவேண்டுமாம்.